லெஃப்ட் பேக்

ஜூலை. கூழ் ஆலைக்கு வெளியே
பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
பர்கூர் ரோடு வரை நிற்கின்றன.
மாடியில், ஏசி ஓடாத அறையில்
அணிக்கு ஆள் எடுக்கிறோம்.

நாற்பது லட்சம். இருபத்திரண்டு பேர். ஏழு மாதம்.
போர்டில் எழுதுவது என் வேலை.
அழிப்பதும்.

முதலாளி முனிரத்தினம் சொல்கிறார்:
"கோல் போடுறவனப் பாக்கத்தான் சனம் டிக்கெட் எடுக்கும்.
அந்த மணிப்பூர்ப் பையனுக்குப் பதினெட்டு போடு ஷாஜிதா."
பதினெட்டு போட்டேன்.
மீதியை இருபத்தொன்றால் வகுத்து
மூலையில் சின்னதாக அதையும் போட்டேன்:
தலைக்கு மாதம் பதினைந்தாயிரம் கூட வரவில்லை.
ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் போனால் வரும்.

கோச் சவரிநாதன், எலத்தகிரிக்காரர்,
ஒரு காலத்தில் ரயில்வேக்கு ஸ்டாப்பர்.
முட்டியில் கத்தி வைத்த தழும்பைத் தடவிக்கொண்டே பேசுவார்:
"ரெண்டு ஸ்டாப்பர், ஒரு கோலி.
பாதிப் பணத்த அங்க போடுங்க.
டேம்ல ஷட்டர் பிய்ச்சுக்கிட்ட அன்னைக்குத்தான
ஷட்டர்னு ஒண்ணு இருக்கறதே ஊருக்குத் தெரிஞ்சுது?"

"அன்னைக்கு ஊரே வேடிக்கை பாக்க வந்துச்சு சார்.
டிக்கெட் போட்டிருக்கலாம்" என்றார் முதலாளி.

"லெஃப்ட் பேக்" என்றேன்.

டீ கொண்டுவந்தவள் வாய் திறந்தது போல
இருவரும் திரும்பினார்கள்.

போன வருஷத்துப் பதினான்கு ஆட்டமும்
என் நோட்டில் இருக்கிறது.
வாங்கிய இருபத்தாறு கோலில் பதினொன்று
அந்த ஒரு ஓரத்திலிருந்து புறப்பட்டவை.
வலதுகால்காரன் ஒருவனை அங்கே நிறுத்தியிருந்தோம்.
பந்து வந்ததும் உடம்பைத் திருப்பி
அவன் காலை மாற்றிக்கொள்ளும் அந்த ஒரு நொடி
இலவசம் என்று நினைத்திருந்தோம்.
தவணையில் கட்டினோம்.

"கோல் போடறவங்க நிறைய இருக்காங்க, விலை ஜாஸ்தி.
நல்ல இடதுகால்காரன் கெடைக்கறதே இல்ல, விலை கம்மி.
இது எந்த மண்டியில சார் நடக்கும்?"

"மாங்கா மண்டியில நடக்கும்" என்று சிரித்தார்.
அல்போன்சா வைக்கோல் மெத்தையில், பெட்டியில் போகும்.
பெங்களூராவைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள்.
கீழே பாய்லர் எதை வேகவைக்கிறது என்று
நான் கேட்கவில்லை.
ஜன்னல் வழியே வாசனை வந்துகொண்டிருந்தது.

மார்ச்சில் சம்பளம் ஏற்றிக் கேட்டபோது
"உன் சீட்டுக்கு யார் வேணா வருவாங்கம்மா" என்றவர்,
ஏற்றுமதி பார்க்கிறவருக்குக் கார் எடுத்துக்கொடுத்த அதே வாரம்.
டைபாய்டில் நான் படுத்த இருபது நாளுக்கு
ஜிஎஸ்டி அபராதம் எவ்வளவு வந்தது என்பது
எனக்கும் அவருக்கும் தெரியும்.
போர்டில் அதற்கு இடமில்லை.

ஐந்து மணிக்கு முடிந்தது.
மணிப்பூருக்குப் பதினைந்து. கோலிக்கு ஆறு.
ஸ்டாப்பர் ஒருவன் போதும், ஐந்து.
லெஃப்ட் பேக்குக்கு ஒன்றரை, "ட்ரையல் பாத்துட்டு."

மறுநாள் தளியிலிருந்து முதல் பஸ்ஸில் மல்லேஷ் வந்தான்.
உரச் சாக்கில் பூட்ஸ்.
கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டே, நிமிராமல்,
இடது காலால் ஒன்று அடித்தான்.
பந்து மைதானத்தைக் குறுக்கே கடந்து
எதிர் ஓரத்தில் நின்றவன் காலடியில் இறங்கியது.
சவரிநாதன் தழும்பைத் தடவுவதை நிறுத்தினார்.

முதலாளி காரிலிருந்து இறங்காமலே சொன்னார்:
"அட, இவனைப் போயி பின்னாடி நிறுத்தறீங்க?
முன்னாடி போடுங்க, கோல் அடிப்பான்."
பையன் என்னைப் பார்த்தான்.
"அக்கா, நான் எந்தப் பக்கம்?"

ஒப்பந்தத் தாளில் 'ஆடும் இடம்' என்று ஒரு கட்டம்.
அதைக் காலியா விடும்மா, அப்புறம் பாக்கலாம், என்றார்.
மாம்பழக் கொசு ஒன்று அதில் உட்கார்ந்திருந்தது.
ஊதிவிட்டு
லெஃப்ட் பேக் என்று எழுதினேன்.

பென்சிலில்தான்.
கார்பன் தாளின் அடிவரை இறங்கும்படி அழுத்தி.